உயரத்தில் ஒரு பட்டினி

கிரேன்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்ட அவர் மனைவி, அவர் எதைச் சொன்னாலும் முதலில் காதைத்தான் பார்ப்பாள்.

அதனால்தான் இந்த வாரம் முழுக்க அவர் அவளுக்கு முதுகைக் காட்டியே பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க."

"சைட்ல ஒருத்தனுக்குப் பிறந்த நாள். வயிறு முட்டச் சாப்பிட்டாச்சு," என்பார், அலமாரியைப் பார்த்தபடி. மறுநாள் வேறொருவனுக்குப் பிறந்த நாள் வந்தது. அதற்கு மறுநாள் ஒருவனுக்குப் பிள்ளை பிறந்தது.

"ஒரே வாரத்துல உங்க சைட்ல இத்தனை விசேஷமா?" என்று சிரித்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

விசேஷம் ஒன்றும் இல்லை. போன வாரம் கட்டட சைட்டில் பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் எடை பார்த்தார். கிரேன்காரர் ஏறியதும் அந்த அம்மாள் எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். "மேலே ஏறும்போது உங்களைத் தாங்குற பாதுகாப்பு பெல்ட்டுக்கு ஒரு அளவு இருக்கு. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. எடையைக் குறைக்கலைன்னா கீழே வேற வேலைதான் தர முடியும்," என்றார். மேற்கொண்டும் ஏதேதோ சொன்னார். கீழே என்ற சொல்லுக்குப் பிறகு கிரேன்காரரின் காதில் எதுவும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மைத்துனனை, மனைவியின் தம்பியை, பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த மைத்துனன், ஆறே மாதத்தில் பாதி ஆளாகிவிட்டவன். 'எப்படிப்பா இளைச்சே?' என்று பார்க்கிறவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

"ஒண்ணுமில்ல மாமா. வாயைக் கட்டணும், அவ்வளவுதான். தண்ணி குடிங்க. பால் சேர்க்காத காப்பி குடிங்க. முதல் ரெண்டு நாள் பசி உயிர் போகும். அப்புறம் பசியே உங்களைப் பாத்து ஓடிடும்."

கிரேன்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை காலை. சலவைக்கடையில் இரண்டு பெரிய மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி வாடிக்கையாளர் துணிகளோடு வீட்டுத் துணியையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவரின் வேலைப் பேன்ட் கையில் வந்தது. பெல்ட்டை உருவாமலே போட்டிருந்தார்.

"இந்த மனுஷனுக்கு எத்தனை தடவை சொல்றது," என்று முணுமுணுத்தபடி பெல்ட்டை இழுத்தாள்.

கடைசி ஓட்டைக்கும் உள்ளே தள்ளி, ஆணியால் குத்தியதுபோல் கோணல்மாணலாக ஒரு புது ஓட்டை.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் இளைக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். மூச்சிரைக்க மாடி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் கையைக் கொடுத்து இழுக்கத் தோன்றும். ஆனால் ஒரு வாரத்திலா? விருந்து விருந்தாகச் சாப்பிடுகிற ஆளுக்கா?

சட்டையை எடுத்துப் பார்த்தாள். விருந்துக்குப் போய் வந்தால் சட்டை முன்பக்கத்தில் சாட்சி இல்லாமல் அவர் திரும்பியதே கிடையாது. ஒரு சொட்டுக் கறை இல்லை.

நீராவி இஸ்திரியை அணைத்தாள். தம்பிக்கு போன் போட்டாள்.

"எங்கே இருக்கே? காரை எடுத்துட்டு வா. மாமாவுக்குச் சோறு கொண்டு போகணும். இந்த வாரம் டிபன் பாக்ஸ்கூட எடுத்துட்டுப் போகல."

"அக்கா, எனக்கு கிளாஸ் இருக்குக்கா…"

"வா."

அந்த 'வா'வுக்கு மேல் தம்பியால் பேச முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

*

அது கற்றுக்கொடுக்கிற கார். ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கம் இன்னொரு பிரேக். தம்பி ஓட்டினான். அக்கா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன ஞாயிற்றுக்கிழமை பால்கனியில நின்னு மாமாவும் நீயும் குசுகுசுன்னு என்ன பேசினீங்க?"

"சும்மா… உடம்பைப் பத்திக்கா."

"உடம்பைப் பத்தி என்ன?"

தம்பி ஹார்ன் அடித்தான். எதிரே ஒருவருமில்லை.

"டேய்."

"மாமா என்னை மாதிரி விரதம் இருக்காருக்கா. எடை கூடிருச்சாம். குறைக்கலைன்னா கிரேன்லேருந்து இறக்கிடுவாங்களாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு…"

"விரதம்னா?"

"தண்ணி மட்டும். நாலு நாளா."

அவள் கால் தானாக அழுந்தியது. கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் பைக்கில் வந்தவர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

"அக்கா! அது நிஜ பிரேக்குக்கா!"

"நாலு நாளா பட்டினி கிடக்குற மனுஷன் அவ்வளவு உசரத்துல ஏறி உக்காந்திருக்காரு. நீ அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஊருக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்துட்டு இருக்கே."

தம்பி கியரை மாற்றினான். காரை எடுத்தான். சைட் வரும்வரை அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

*

அதே நேரம், மேலே, கிரேன்காரர் ஒரு கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறைக்குள் வெயில் நேராக இறங்கியது. இரண்டு நாள் உயிரெடுத்த பசி நேற்று தெரியவே இல்லை. உடம்பு பஞ்சுபோல் லேசாக இருந்தது. மைத்துனன் சொன்னது நிஜம்தான் என்றுகூட நினைத்தார். இன்று ஏணி ஏறும்போதே நடுவில் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது கைப்பிடி எந்தப் பக்கம் சாய்கிறது என்றே இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கம்," என்றது வாக்கி-டாக்கி. கீழே நின்று சைகை கொடுப்பவரின் குரல். சைட்டில் அவருக்கு விசில் என்று பெயர்.

கிரேன்காரர் வலது பக்கம் திருப்பினார்.

"இடதுண்ணே, இடது!"

கண்ணெதிரே கம்பிக் கட்டு இரண்டாகத் தெரிந்தது. அதற்குக் கீழே மஞ்சள் தொப்பிகள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷத்தில் இந்த அறைக்குள் அவர் பயந்ததே இல்லை.

"விசில்," என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரையும் நகரச் சொல்லு. நான் இதைக் கீழே வைக்கப் போறேன். அதுக்கப்புறம் என்னால முடியாது."

ஆட்கள் விலகினார்கள். அங்குலம் அங்குலமாக அவர் கம்பிக் கட்டை இறக்கினார். அது தரையைத் தொட்டதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு இருக்கையில் சரிந்தார்.

*

சைட் வாசலில் தம்பியைக் காரோடு விட்டு இறங்கிய மனைவி முதலில் அண்ணாந்துதான் பார்த்தாள். வேலை நேரத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த இரும்புக் கை அசையாமல் நின்றது.

அவள் ஓடினாள். காவலாளி கூப்பிட்டது காதில் விழவில்லை. பாதுகாப்பு அதிகாரிதான் குறுக்கே வந்து நிறுத்தினார்.

"வெளியாட்கள் உள்ளே வரக் கூடாதும்மா."

"மேலே இருக்கிறது என் வீட்டுக்காரர். நாலு நாளா அவர் ஒண்ணும் சாப்பிடல."

அதிகாரியின் முகம் மாறியது. வேறு ஒன்றும் கேட்காமல் ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

கிரேன் ஓட்டும் மாற்று டிரைவர் மேலே ஏறத் தயாராக நின்றார். மனைவி சாப்பாட்டுப் பையைத் திறந்து அப்படியே அவரிடம் நீட்டினாள்.

"சோறு இப்ப வேண்டாம். வெறும் வயித்துல ஒரேயடியா போட்டா வாந்தி வரும்," என்றார் அதிகாரி. "இனிப்பா டீ, கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் பாதி வாழைப்பழம். போதும்."

ஃபிளாஸ்க்கும் பழமும் முதுகுப் பையில் ஏறின. மாற்று டிரைவர் ஏணியில் கால் வைத்தார்.

"அவர் மேலே போய்ச் சேர நேரமாகும். அதுவரைக்கும் அண்ணன் கண்ணை மூடக் கூடாது," என்று விசில் தன் வாக்கி-டாக்கியை அவளிடம் கொடுத்தார். "நீங்க பேசுங்கண்ணி."

"என்னங்க… என்னங்க…"

பதில் இல்லை.

"பட்டனை அழுத்திக்கிட்டே பேசணும் அண்ணி. பேசி முடிச்சதும் விட்டுடணும். விட்டாத்தான் அண்ணன் பேச முடியும்."

"அவரு பேசுறதுக்கு நான் நிறுத்தணுமா?" அவள் கலவரத்தோடு கேட்டாள். "எனக்கு அது பழக்கமில்லையேப்பா."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். அவள் பட்டனை அழுத்தினாள்.

"என்னங்க, நான்தான்."

கரகரவென்று சத்தம். பிறகு, "நீ எதுக்கு இங்க வந்த?"

"சோறு கொண்டாந்திருக்கேன்."

"எனக்குப் பசிக்கல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேகத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு கண்ணாடி அறை. "உங்க காது எனக்கு இங்கேருந்தே தெரியுது," என்றாள்.

வாக்கி-டாக்கி ஒரு முறை கரகரத்தது.

"பசிக்குது," என்றார் கிரேன்காரர். "ரொம்பப் பசிக்குதும்மா."

சைட்டில் வாக்கி-டாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் அது கேட்டது. கலவை மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"டீ வருது. கண்ணை மூடாதீங்க. நான் எங்க நிக்கிறேன்னு சொல்லுங்க பாப்போம்."

"மஞ்சள் ஹெல்மெட்டா?"

"வெள்ளை. எனக்குப் பெருசு, மூக்கு வரைக்கும் இறங்குது."

"தெரியுது, தெரியுது. காளான் மாதிரி இருக்கே."

"இருக்கட்டும். ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட வெச்சிருப்பே."

"ஆமா, வெச்சிருப்பேன்."

"சாப்பிட்டா எடை இறங்காது. எடை இறங்கலைன்னா என்னை இறக்கிடுவாங்க." மூச்சு வாங்கினார். "கீழே நான் என்ன பண்ணுவேன், சொல்லு. இங்க உக்காந்தா எல்லாம் தெரியும். நம்ம கடை மொட்டை மாடி தெரியும். கொடியில துணி காயுறது தெரியும். மத்தியானம் நீ ஏறி வந்து துணி எடுப்பியே, அதைப் பாத்துட்டுத்தான் மிச்ச வேலையைப் பாப்பேன். இந்த சைட்டுக்கு வந்ததுலேருந்து அப்படித்தான்."

அவள் பட்டனை அழுத்தினாள். ஒவ்வொரு மத்தியானமும் வெயிலைத் திட்டிக்கொண்டே, தலைமுடி கலைந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மாடியில் நின்றிருக்கிறாள். பார்க்க ஓர் ஆள் இருக்கிறது என்று தெரியாமலே.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ பேச விட்டாத்தானே."

இந்த முறை யாரும் சிரிப்பை அடக்கவில்லை. அவளும் சிரித்தாள், கண்ணீர் வாய்க்குள் இறங்கியது.

"மேலே இருங்க, கீழே இருங்க. ஆனா இருங்க. எனக்கு அது போதும்," என்றாள்.

மேலே கதவு திறந்தது தெரிந்தது. மாற்று டிரைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாக்கி-டாக்கியில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

*

கயிறு கட்டி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக, அவரைப் பொறுமையாக இறக்கினார்கள். டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார், ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், இன்று முழுக்க ஓய்வு, சாப்பாடு சிறுகச் சிறுக என்று சொல்லிவிட்டுப் போனார்.

சைட் ஆபீஸ் என்பது தகர அறை. மேசைமேல் ஒரு ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்தார்.

"நான் அன்னிக்கு மூணு மாசம் டைம் கொடுத்தேன். டாக்டரைப் பாருங்க, சாப்பாட்டை மாத்திக்கோங்க, நாங்க உதவி பண்றோம்னு சொன்னேன். காதுல விழலையா?"

"கீழே வேற வேலைன்னு சொன்னீங்களே மேடம். அதுக்கப்புறம் ஒண்ணும் விழல."

அந்த அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எடை கூடின ஆளை மேலே அனுப்ப நான் யோசிப்பேன். பட்டினி கிடக்குற ஆளை யோசிக்காம நிறுத்திடுவேன். சாவியைக் கொடுங்க."

கிரேன்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கை அதை விட மனமில்லாமல் இருந்தது. மனைவி அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள்.

"தூக்கினதைப் பத்திரமா இறக்கிட்டுத்தான் சாய்ஞ்சீங்க. அதை நான் மறக்க மாட்டேன்," என்றார் அதிகாரி. "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் விசிலோட கீழே நில்லுங்க. ஒரு விஷயம் கேக்கறேன். நீங்க பட்டினி இருக்கிறதுக்கு முன்னாடி, மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

கிரேன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் காதைப் பார்த்தாள்.

"மத்தியானம் சாப்பிட மாட்டேன் மேடம். இறங்கி ஏறணும்னா வேலை நின்னுடும். மேலே சாப்பிட்டா நடுவுல ஒதுங்க இறங்கணும். அதனால தண்ணிகூட அளவாத்தான்."

"நான் கட்டிக் கொடுத்த சோறு?" என்றாள் மனைவி.

"விசில் சாப்பிடுவான். அவனுக்குக் கல்யாணம் ஆகல பாரு."

வாசலில் நின்ற விசில் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலையில?"

"வெறும் டீ. அந்த நேரத்துல எதுவும் இறங்காது."

மனைவிக்கு விளங்கிவிட்டது. காலையில் வெறும் டீ. மத்தியானம் ஒன்றுமில்லை. கடையை மூடிவிட்டு அவள் வந்து சமைப்பாள். பகலெல்லாம் காய்ந்த வயிற்றோடு உட்காருவார், ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று. 'நல்லா சாப்பிடுங்க, உழைக்கிற உடம்பு' என்று அவளும் அள்ளி வைப்பாள். சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். அந்த உடம்பு எப்படித்தான் இளைக்கும்?

"நீங்க இந்த நாலு நாள் மட்டும் பட்டினி இல்லீங்க," என்றாள் மெதுவாக. "வருஷக்கணக்கா பகல்ல பட்டினி, ராத்திரியில விருந்து."

அதிகாரி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "இனிமே இவர் மட்டும் இல்ல, யார் மேலே ஏறினாலும் மத்தியானம் மாற்று ஆள் போய் உக்காரணும். அதை நான் பாத்துக்கறேன். வீட்டுச் சாப்பாட்டை நீங்க பாத்துக்கோங்க."

*

அன்று சலவைக்கடை மறுபடி திறக்கவில்லை. பொழுது சாயும் முன்பே வீட்டில் தட்டு வைத்தாள். கொஞ்சம் சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை. தட்டில் வெற்று இடம் நிறையத் தெரிந்தது.

கிரேன்காரர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எனக்கா, பொம்மைக்கா?"

"மென்னு சாப்பிடுங்க. இன்னும் வேணும்னா கீரை இருக்கு. நாளைக்குக் காலைச் சாப்பாடும் கட்டிக் கொடுப்பேன். போன உடனே சாப்பிட வேண்டாம், பசி எடுத்ததும் சாப்பிடுங்க."

"எனக்குக் காலையில பசிக்காதும்மா."

"ராத்திரி மலையை முழுங்கினா எப்படிப் பசிக்கும்? இனிமே இந்த நேரத்துக்குத்தான் நம்ம சாப்பாடு. நான் நடுவுல கடையை அடைச்சுட்டு வர்றேன். சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் நடந்தே கடைக்குப் போவோம். நீங்க துணி மடிச்சுக் கொடுங்க."

"இப்படிச் சாப்பிட்டா எடை எப்ப இறங்கும்?"

"இறங்குறப்ப இறங்கும். அந்த அம்மா மூணு மாசம் கொடுத்திருக்காங்க. நான் ஆயுசு முழுக்கக் கொடுத்திருக்கேன். என்ன அவசரம்?"

அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். வெறும் பருப்புச் சோற்றுக்கு இவ்வளவு ருசியா என்பதுபோல் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மாப்ளே, நீங்களும் உக்காருங்க. உங்க மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல," என்றார், வாசலோரம் நின்ற மைத்துனனிடம்.

தம்பி உட்கார்ந்தான். அக்கா அவனுக்கும் பரிமாறினாள். சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். கிரேன்காரர் சைட்டில் நடந்ததையெல்லாம் காளான் வரைக்கும் சொல்லிச் சிரித்தபோது அவனும் சிரித்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனான்.

குழாய் திறந்த சத்தம் கேட்டது. நிற்கவில்லை. மனைவி எழுந்து போய்ப் பார்த்தாள்.

தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. தம்பி இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணிக்கட்டு எலும்பு குச்சிபோல் துருத்தியது. எல்லோரும் புகழ்ந்த அந்த இளைப்பை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குழாயை மூடினாள்.

"என்னடா?"

"மாமா அந்த ஒரு வாய் சாப்பிட்டாரே," என்றான். "அதைப் பாத்துட்டே இருந்தேன்."

"நீயும் சாப்பிட வேண்டியதுதானே?"

"முடியலக்கா. வாய்கிட்ட கொண்டு போனாலே பயமா இருக்கு. ஒரு வாய் போட்டா எல்லாம் திரும்ப வந்துடும், பழைய ஆளாயிடுவேன்னு தோணுது." அவன் குரல் சின்னப் பையனுடையதுபோல் ஆகிவிட்டது. "நிறுத்துறது எப்படின்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். திரும்ப ஆரம்பிக்கிறது எப்படின்னு எனக்கே தெரியலக்கா."

அவள் அவன் கையைப் பற்றினாள். வெயில் நாளில் அந்தக் கை ஈரத் துணிபோல் சில்லிட்டிருந்தது.

கூடத்திலிருந்து கிரேன்காரர் குரல் கொடுத்தார். "மாப்ளே, எங்க போயிட்டீங்க? இன்னும் கொஞ்சம் கீரை இருக்கு, வாங்க!"

தம்பி கதவைப் பார்த்தான். "மாமாகிட்ட சொல்லாதக்கா," என்றான்.

அவள் மறுகையால் அவன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் நடந்தாள். அவன் கையை விடவில்லை.